நாயின் உடலில் காணும் கட்டிகள்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய பிரசங்கம்)



கறவைப் பசுவின் மடி வீங்கினால் அன்று மாலைக்குள் கால்நடை மருந்தகத்திற்கு ஆள் அனுப்பாத குடியானவர் இந்நாளில் அரிது. தாமதித்தால் பாலும் பணமும் நஷ்டமாகும் என்பதை யாவரும் அறிவர். ஆனால் அதே வீட்டுத் திண்ணையடியில் படுத்து, களத்து நெல்லையும் பட்டியில் அடைத்த ஆடுகளையும் இரவெல்லாம் காத்து நிற்கும் நாயின் விலாவில் நெல்லிக்காயளவு கட்டி ஒன்று தோன்றினால், அதைப் பொருட்படுத்துவோர் எத்தனை பேர்? "நாய்தானே, தானாகக் கரைந்து போகும்" என்பர் ஒரு சாரார். "இது புற்று, இனிப் பிழைக்காது, ஊர் எல்லைக்கு அப்பால் விட்டுவிட்டு வா" என்பர் மற்றொரு சாரார்.

இவ்விரு சாரார் கூற்றும் பிழையே. நாயின் தோலிலும் தோலுக்கு அடியிலும் தோன்றும் கட்டிகள் பலவிதம். உயிருக்கு யாதொரு கெடுதியும் செய்யாதவை அவற்றுள் பல, சில தாமே மறைந்துவிடும், சில காலத்தில் கவனித்தால் தீர்பவை, சில கொடியவை. எது எவ்வகை என்பதைக் கண்ணால் பார்த்தோ விரலால் அழுத்தியோ நிச்சயமாகச் சொல்வது, அநுபவம் முதிர்ந்த கால்நடை வைத்தியருக்கும் இயலாத காரியம். ஊசி முனையால் எடுத்த சிறு துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்த்த பின்னரே அவரும் சொல்வார். இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்தால் போதும்; மற்றவை யாவும் இதன் விரிவேயாகும்.

கடன் சங்கத்தின் நடைமுறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தவணை தவறிய சிறு பாக்கியை முதல் மாதத்திலேயே விசாரித்தால் அது பெரும்பாலும் பேச்சோடு தீர்ந்துவிடும். இரண்டு வருஷம் விட்டுவைத்தால் வட்டி அசலை மிஞ்சி, ஜாமீன்தாரரையும் இழுத்துவிடும். கட்டியும் அத்தகையதே. பட்டாணியளவில் இருக்கும்போது சிறு ரண சிகிச்சையால் முழுதும் நீக்கத்தக்க கட்டி, தேங்காயளவு ஆனபின் சுற்றிலுமுள்ள சதையைப் பற்றி வேர்விட்டு, வைத்தியரின் கத்திக்கும் எட்டாமற் போகலாம்.

கட்டி போலத் தோன்றுவன

முதலில், கட்டி அல்லாதவற்றைக் கட்டியென மயங்குதல் கூடாது. இரத்தம் குடித்துப் பருத்த உண்ணி, சாம்பல் நிற மரு போலவே காணப்படும். மயிரை விலக்கி வெளிச்சத்தில் உற்று நோக்கினால், தோலை ஒட்டிய இடத்தில் அதன் சிறு கால்கள் தெரியும். அதைக் கையால் நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பீடி நெருப்பால் சுடுவதும் வேண்டா.

நாய்கள் தம்முள் கடித்துச் சண்டையிட்ட சில நாட்களில் திடீரெனத் தோன்றி, தொட்டால் சூடும் வலியும் உடையதாயிருப்பது பெரும்பாலும் சீழ்க்கட்டி. காது மடல் பை போல் உப்பியிருந்தால், காதினுள் பூச்சியோ ரணமோ உண்டாகி, நாய் தலையை ஓயாது உதறியதால் மடலுக்குள் இரத்தம் கட்டியிருக்கும்; மடலின் வீக்கத்தோடு காதினுள் இருக்கும் நோயையும் கவனித்தாலன்றி அது குணமாகாது.

எல்லாவற்றிலும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய இடம் தொப்புளும் தொடை இடுக்கும். அங்கே மெத்தென்று தோன்றும் வீக்கத்தினுள் குடல் இறங்கியிருக்கக்கூடும். 'பழுத்த கட்டி' என்று நினைத்து வீட்டில் உள்ளவர் கத்தி வைத்தால், குடல் அறுபட்டு நாய் மாண்டுபோகும்.

அஞ்ச வேண்டாதவை

நடுவயது கடந்த நாய்களுக்கு, விலாவிலும் மார்பின் கீழும் மிருதுவாய், தோலுக்கு அடியில் விரலுக்கு நழுவும் கட்டி தோன்றுவது சகஜம். இது பெரும்பாலும் கொழுப்புக் கட்டி. நடைக்கு இடைஞ்சல் செய்தாலன்றி இதனை அறுக்க வேண்டுவதில்லை. தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டு உண்டாகும் கட்டியினுள் தயிர்க்கட்டி போன்ற பொருள் இருக்கும். அதைப் பிதுக்கினால் உள்ளேயே உடைந்து புண்ணாகும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குட்டிகளின் உதட்டிலும் வாயினுள்ளும் கோசுப்பூப் போன்ற மருக்கள் கூட்டமாகத் தோன்றுவதுண்டு. இவை ஒருவித நோய்க் கிருமியால் உண்டாகி, ஒரு குட்டியிலிருந்து மற்றொரு குட்டிக்குத் தொற்றுபவை, மனிதருக்குத் தொற்றா. நாயின் சரீரம் அக்கிருமியை எதிர்க்கும் சக்தி பெற்றதும், சில மாதங்களில் மருக்கள் தாமே உதிர்ந்துவிடும். அதுவரை தண்ணீர்ச் சட்டியைப் பிரித்து வைத்தல் நலம். இளநாய்களின் காதிலும் முகத்திலும் காலிலும் சிவந்த பொத்தான் போல் மயிரின்றி எழும் ஒருவகைக் கட்டியும், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானே மறையும்.

மேலே கூறிய அடையாளங்களைக் கேட்டு, "எங்கள் வீட்டு நாய்க்கு இருப்பதும் இதுவே" என்று தாமே முடிவு செய்துவிடலாகாது. ஏனெனில், கொழுப்புக் கட்டி போலவும், சிறு பரு போலவும், பூச்சி கடித்த தடிப்புப் போலவும் பல வேஷம் போடும் கொடிய கட்டி ஒன்று உண்டு. நாய்களின் தோலில் தோன்றும் புற்றுக்களில் அதிகமாகக் காணப்படுவனவற்றுள் அதுவும் ஒன்று. இன்று பெருத்து நாளை சிறுத்துக் காணப்படுவதால், 'கரைகிறது' என்று உடையவர் ஏமாந்து போவார். அதைப் பிசைந்தால் உள்ளிருக்கும் விஷநீர் வெளிப்பட்டு, சுற்றிலும் சிவந்து தடிக்கும். ஆகையால் எக்கட்டியையும் தேய்த்துப் பார்த்தல் தகாது.

உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டியவை

பட்டாணியளவு அல்லது அதற்கு மேற்பட்டு ஒரு மாதம் நீடித்திருக்கும் கட்டி, அதற்கு முன்னரே விரைவில் வளரும் கட்டி, வெடித்துப் புண்ணாகி ஆறாதது, இரத்தம் கசிவது, அடியிலுள்ள சதையோடு ஒட்டிக்கொண்டு அசையாதது, நாய் ஓயாது நக்குவதும் கடிப்பதுமாக இருப்பது: இவற்றுள் ஒன்று இருந்தாலும் தாமதித்தல் கூடாது. தாடையின் கீழும், தோளுக்கு முன்னும், பின்னங்கால் முழங்காலின் பின்னும் இருபுறமும் ஒரே சமயத்தில் கட்டிகள் காணப்பட்டால் அது தோலின் நோயன்று. அது உண்ணியால் வரும் காய்ச்சலாகவும் இருக்கலாம். இரத்தத்தைப் பற்றிய புற்றாகவும் இருக்கலாம். இவ்விரண்டிற்கும் சிகிச்சை வெவ்வேறு.

வெண்ணிறமும் குட்டை மயிரும் உடைய நாய்கள் வெயிலில் மல்லாந்து படுப்பதால், அடிவயிற்றின் இளஞ்சிவப்புத் தோலில் நாளடைவில் புற்றுப் புண் உண்டாகலாம். ராஜபாளையம் நாய் போன்ற வெள்ளை நாய்களை வளர்ப்போர் அடிவயிற்றை அவ்வப்போது பார்த்து வருதல் அவசியம்.

ஒரு கீதாரியின் நாய்

நாட்டுப்புற நாய்களிடையே காணப்படும் ஒரு கட்டியைப் பற்றி விரிவாக அறிதல் வேண்டும். அதற்கு ஓர் உதாரணம் கூறப்படும்.

இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஊர் ஊராகச் சென்று வயல்களில் ஆட்டுக் கிடை போடும் கீதாரி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பெட்டை நாயின் பின்புறத்திலிருந்து இரத்தம் சொட்டுகிறது. பருவத்திற்கு வந்திருக்கிறது என்று எண்ணி அவர் வாளாவிருக்கிறார். நாற்பது நாள் கழிந்தும் நிற்கவில்லை. பிறப்புறுப்பில் சிவந்த சதை, கோசுப்பூப் போலப் பிதுங்கித் தெரிகிறது. கிடை போட்ட ஊரார், "பெருநோய் பிடித்த நாய், குழந்தைகள் நடமாடும் இடம், அடித்து விரட்டு" என்கின்றனர். கிழவர் ஒருவர் இரும்பைக் காய்ச்சிச் சூடு போடச் சொல்கிறார். கீதாரியோ நாயைத் தோளில் சுமந்துகொண்டு நகரத்துக் கால்நடை மருத்துவமனைக்குச் செல்கிறார்.

"ஐயா, இது பருவம்தான் என்று இருந்துவிட்டேன். என் தவறுதான். இதைவிட்டால் கிடைக்கு வேறு காவல் இல்லை. இதற்கு மருந்து உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்."

வைத்தியர் துளி எடுத்துப் பார்த்துவிட்டுக் கூறுகிறார்: "உண்டு, பெரியவரே. இது புற்றுதான், ஆனால் தீர்க்கக்கூடிய புற்று. வாரம் ஒரு முறை ஊசி போட வேண்டும். தவறாமல் அழைத்து வர இயலுமா?"

"கிடை இடம் மாறிக்கொண்டே இருக்குமே, ஐயா."

"அப்படியானால் எந்த வாரம் எந்த ஊரில் இருப்பீர்கள் என்று சொல்லுங்கள். அங்கங்கே காட்டுவதற்குச் சீட்டு எழுதித் தருகிறேன். பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்."

இந்நோய் நாய்கள் இணைசேரும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுவது. முகர்வதாலும் நக்குவதாலும் கடிப்பதாலும் மூக்கு, வாய், கண் ஆகிய இடங்களிலும் தோன்றும். கிருமியால் பரவாமல், புற்றின் உயிரணுக்களே ஒரு நாயிலிருந்து பெயர்ந்து மற்றொரு நாயின் உடலில் பயிர் போல ஊன்றி வளர்வது இதன் விசேஷம். ருஷிய தேசத்துக் கால்நடை வைத்தியரான நோவின்ஸ்கி என்பவர் 1876-ஆம் ஆண்டில், இக்கட்டியின் துணுக்கை ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்கு மாற்றி வளர்த்துக் காட்டினார். உலகின் பல பாகங்களிலிருந்து சேகரித்த 500-க்கு மேற்பட்ட கட்டிகளை ஆராய்ந்து 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, இவை யாவும் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாக் கண்டத்தில் வாழ்ந்த ஒரே நாயின் உடலில் தோன்றிய புற்றின் சந்ததியே. அந்த நாய் மாண்டு பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்தும், அதன் கட்டி மாளவில்லை. எனினும் இது மனிதருக்குத் தொற்றுவதன்று. ஆகையால் ஊரார் அந்த நாயை விரட்டச் சொன்னதற்கு நியாயம் யாதொன்றுமில்லை. விரட்டப்பட்ட நாயோ போகும் ஊரிலெல்லாம் மற்ற நாய்களுக்கு நோயைப் பரப்பும். விரட்டுவதால் நோய் ஒழியாது, இடம்தான் மாறும்.

இதற்கு வழங்கும் மருந்தின் பெயர் வின்கிறிஸ்டின். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் அங்கத்தினர்கள் வியப்புறுவர். வீட்டு வேலியோரத்திலும் கோயில் நந்தவனத்திலும் வருஷம் முழுவதும் பூப்பதும், சுடுகாட்டுப் பூ என்று சிலர் ஒதுக்குவதுமான நித்தியகல்யாணிச் செடியிலிருந்தே அது எடுக்கப்படுகிறது. மடகாஸ்கர் தீவைப் பிறப்பிடமாகக் கொண்ட அச்செடி, தமிழ்நாட்டின் தென் ஜில்லாக்களில் மருந்துக்காக மானாவாரியாகப் பயிரிடப்பட்டும் வருகிறது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுக்கும் இம்மருந்தே பெருந்துணை.

இதைக் கேட்டு, எவரும் இலையைப் பறித்து அரைத்து நாய்க்குப் புகட்ட முற்படலாகாது. அச்செடி விஷமுள்ளது. மூட்டை மூட்டையான இலையிலிருந்து மிகச் சொற்பமாகவே இம்மருந்து கிடைக்கும். அதையும் நாயின் எடைக்கு அளந்து இரத்தக் குழாயினுள் செலுத்த வேண்டும். ஒரு துளி குழாய்க்கு வெளியே சிந்தினாலும் சதை அழுகிவிடும். சிகிச்சை நடக்கும் வாரங்களில் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஊசி போட்ட பின் சில நாட்களுக்கு நாயின் மூத்திரத்தையும் மலத்தையும் வெறுங்கையால் தொடலாகாது. கர்ப்பிணிகள் அப்பணியைச் செய்யலாகாது.

முறையாக ஊசி போட்ட நாய்களில் மிகப் பெரும்பாலானவை நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் குணமடைகின்றன. இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே கட்டி சுருங்கி, இரத்தம் நின்றுவிடுவது வழக்கம். அபாயம் அப்போதுதான் இருக்கிறது. 'குணமாகிவிட்டது' என்று உடையவர் ஊசியை நிறுத்திவிட, மிஞ்சிய வேர் மறுபடி தழைக்கிறது. கீதாரி சீட்டை மடியில் முடிந்துகொண்டு, கிடை மாறிய ஊரிலெல்லாம் மருந்தகத்தைத் தேடிச் செல்வாராயின், அவர் நாய் மறுபடி கிடையைச் சுற்றி வரும்.

பெட்டை நாயின் மடிக்கட்டி

குட்டி போடும் பெட்டை நாய்களுக்கு வயது முதிரும்போது மடிக்காம்புகளை ஒட்டிக் கட்டி தோன்றுவது மிகச் சாதாரணம். பின்பக்கத்துக் காம்புகளில் இது அதிகம். இவ்விதக் கட்டிகளில் ஏறக்குறையப் பாதி கெடுதியற்றவை, பாதி கொடியவை. கொடியவை நுரையீரலுக்குப் பரவக்கூடும். ஆகையால் கடலையளவில் கண்டபோதே காட்ட வேண்டும்.

இதை வரும் முன் காக்கும் வழி ஒன்றுண்டு. அது கர்ப்பத்தடை ரண சிகிச்சை. 1969-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றின்படி, சிகிச்சை செய்யாத நாய்களுக்கு உள்ள அபாயத்தை 100 என்று கொண்டால், முதற்பருவத்திற்கு முன் சிகிச்சை செய்தவற்றுக்கு அது 0.5; ஒரு பருவம் கண்டபின் செய்தவற்றுக்கு 8; இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பருவங்கள் கண்டபின் செய்தவற்றுக்கு 26. இந்த இலக்கங்களின் நுட்பத்தைக் குறித்துப் பின்னர் வந்த ஆராய்ச்சியாளர் விவாதித்ததுண்டு. ஆயினும் இளமையில் செய்வது காப்பளிக்கும் என்பதே வைத்தியர்களிடையே பொதுவாக நிலவும் கருத்து. பெரிய ஜாதி நாய்களுக்கு எந்த வயது தக்கது என்பதை வைத்தியரைக் கேட்டு நிச்சயிக்க வேண்டும். இச்சிகிச்சை செய்த நாய்கள் இணைசேராமையால், கீதாரியின் நாய்க்கு வந்த கட்டியும் பெரும்பாலும் அண்டாது; பராமரிப்பாரற்ற குட்டிகளும் தெருவில் பெருகா.

ஊசிப் பரிசோதனை

'ஊசி' என்றதும் நாயை மயக்கி அறுப்பார்கள் என்று அஞ்ச வேண்டுவதில்லை. மருந்து ஏற்றும் மெல்லிய ஊசியையே கட்டியினுள் செலுத்தி, அதில் வரும் துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமிட்டு, மைக்ராஸ்கோப் மூலம் நோக்குவர். பெரும்பாலும் மயக்க மருந்து இன்றியே இது முடிந்துவிடும். இதனால் தெளிவு உண்டாகாவிடில் ஒரு சிறு துண்டை அறுத்தெடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்புவர். கட்டியை முழுதும் நீக்கிய பின்னும் அதைக் குப்பையில் எறியாமல் சோதனைக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். வேர் மிஞ்சியதா என்பது அதனால்தான் தெரியவரும்.

செய்யத் தகாதவை

சூட்டுக்கோல், சேங்கொட்டை, எருக்கம்பால், வண்டியின் கழிவெண்ணெய் இவற்றுள் எதுவும் கட்டியைத் தீர்த்ததில்லை. சுட்ட புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்து, கட்டியால் சாகாத நாய் புண்ணால் சாகும். மருவின் அடியைக் குதிரை மயிரால் இறுக்குவதும் அவ்வாறே. வலி தீர மனிதர் உண்ணும் மாத்திரைகளைக் கொடுத்தலும் தகாது. அவற்றுள் சில நாயின் ஈரலையும் வயிற்றையும் கெடுத்துவிடும். நோயுற்ற நாயைப் பட்டினியும் தாகமுமாகத் தவிக்கும்படி கைவிடுதல், 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

சங்கம் செய்யத்தக்கது

மாதம் ஒரு முறை, சங்கத்தின் கூட்டம் கூடும் நாளன்று காலையில், ஒவ்வொருவரும் தம் நாயை மூக்கு முதல் வால் வரை கையால் தடவிப் பார்க்க வேண்டும். வாயினுள், காதின் பின், அக்குள், மடி, வாலடி, விரலிடுக்கு ஆகிய இடங்கள் மறவாமல் பார்க்கத்தக்கவை. வலியுள்ள நாய் எஜமானரையும் கடிக்கும். ஆகையால் வலி தெரிந்தால் வாய்க்கட்டுப் போட்ட பின்னரே தொட வேண்டும். தப்பித்தவறிக் கடித்துவிட்டால், வீட்டு நாய்தானே என்று அசட்டை செய்யாமல், சோப்பிட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

கட்டி கண்டால் தேதி, இடம், அளவு மூன்றையும் எழுதி வைத்தல் வேண்டும். அளவைப் பட்டாணி, நெல்லிக்காய், எலுமிச்சை என்று குறித்தாலும் போதும். இதற்கெனச் சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்பது அதிகச் செலவன்று. 'எப்போது வந்தது?' என்று வைத்தியர் கேட்கும்போது, 'கொஞ்ச நாளாக' என்ற விடையினால் பயனில்லை. அந்த நோட்டுப் புத்தகமே தக்க விடையாகும்.

தனியொருவர் ஒரு நாயை நகரத்திற்குக் கொண்டுபோவது சிரமமும் செலவும் ஆகும். பத்துப் பேர் சேர்ந்து ஒரு வண்டி அமர்த்தினால், கர்ப்பத்தடைச் சிகிச்சைக்கும் ஊசிப் பரிசோதனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் ஒரே நாளில் போய் வரலாம். விதையும் உரமும் வாங்க ஒன்றுகூடத் தெரிந்தவர்களுக்கு இது புதிதன்று.

நாய் தன் நோயை வாய்விட்டுச் சொல்லாது. கட்டி வளர்ந்துகொண்டிருக்கும் அன்றிரவும் அது வழக்கம்போல் களத்தைச் சுற்றிவரும். எஜமானர் திரும்பிவரும் காலடி கேட்டு வாலை ஆட்டும். அதன் சார்பில் பார்ப்பதும் கேட்பதும் எஜமானரின் கடமை. இக்கூட்டம் முடிந்து வீடு திரும்பும் ஒவ்வோர் அங்கத்தினரும், வாசலில் எதிர்கொண்டு வரும் நாயைத் தட்டிக்கொடுக்கும்போது, அந்தக் கையைச் சற்று நிதானமாக அதன் கழுத்திலிருந்து வாலடி வரை செலுத்திப் பார்ப்பாராக.